முதுகிலிருந்து எடுத்த சாராயம்

லேப் டெக்னீசியனுக்குப் பணி ஓய்வு என்று ஒன்று கிடையவே கிடையாது. காலையில் பால் வாங்கப் போனால் சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போனால் தைராய்டு ரிப்போர்ட். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் செல்போனைத் திறந்து கிரியாட்டினின் அளவைக் காட்டிவிட்டு, ஜாங்கிரி சாப்பிடலாமா என்று என்னைக் கேட்கிறார். நான் டாக்டர் இல்லைங்க என்றால், "அது எங்களுக்குத் தெரியாதா மேடம், சும்மா சொல்லுங்க" என்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருடைய ரத்தம் என் கையால் எடுத்ததுதான். அந்த உரிமை.

ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் இதுவரை ஒருவரும் என்னிடம் நீட்டியதில்லை. வி.டி.ஆர்.எல். என்று நாங்கள் சொல்லும் சோதனை. பழைய ஆட்கள் மேகநோய் என்பார்கள், டாக்டர்கள் சிபிலிஸ் என்பார்கள். அந்த நோய்க்கு ரத்தம் பார்ப்பது.

போன மாதம் ஆஸ்பத்திரி லேபிலிருந்து என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தாள். இப்போது அதற்கு அட்டை வந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் போதும், கோடு விழுந்தால் உண்டு. "அக்கா, ஒருத்தருக்கு அட்டையில கோடு வுழுது. ஸ்லைடுல வி.டி.ஆர்.எல். போட்டா ஒண்ணுமே இல்ல. எத நம்புறது?" என்றாள். ரெண்டையும் நம்பி டாக்டரிடம் அனுப்பு என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு ஏழுமலை மேஸ்திரியின் ஞாபகம் வந்து, அன்று வேறு வேலை ஓடவில்லை. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருநாவலூரிலிருந்து பஸ் ஏறி வந்து படித்தேன், பாஸ் செய்தேன், வேலை கிடைத்தது. பயிற்சியில் கற்றதில் பாதி மறந்துவிட்டது. ஆனால் வி.டி.ஆர்.எல். கற்றுக்கொடுத்த அன்று கேட்ட ஒரு விஷயம் மட்டும் மறக்கவேயில்லை. அந்தச் சோதனையில் நாம் நோய்க்கிருமியைத் தேடுவதே இல்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பை வைத்துத் தேடுகிறோம். கிருமி உடம்புக்குள் வந்து செய்கிற சேதத்தில், ரத்தம் அந்தக் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் குணத்தைப் பெற்றுவிடுகிறது. மனுஷனின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க மாட்டின் இதயம்! முதன்முதலில் இது யாருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்து யோசித்து அன்று மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன்.

செய்முறையும் அப்படித்தான், அவசரக்காரர்களுக்கு ஆகாது. அன்றைக்கு வேண்டிய கொழுப்புக் கரைசலை அன்றைக்கே தயாரிக்க வேண்டும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் உப்புநீரை விட்டு, புட்டியை மேஜைமேல் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே கொழுப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கை நின்றால் திரிந்துவிடும். ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கும் சீரத்தை வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்துச் சூடாக்கி, ஸ்லைடில் இட்டு, அதன்மேல் அந்தக் கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சுழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நோய் இல்லையென்றால் பொடிப்பொடியாக, ஊசி ஊசியாகச் சீராகப் பரவிக் கிடக்கும். இருந்தால் திட்டுத்திட்டாகக் கூடி நிற்கும். கரண்ட் போனால் சுழற்றும் இயந்திரம் நின்றுவிடும், கையாலேயே சுழற்றுவேன். என் மணிக்கட்டு வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் பார்த்தவர் டாக்டர் சந்தானம். திருக்கோவிலூர்க்காரர். அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. மற்ற டாக்டர்கள் வாசல் பக்கம் மேஜை போட்டுக்கொண்டு, வருகிறவர்களை நின்ற வாக்கிலேயே பார்த்து அனுப்புவார்கள். இவர் அந்த நீளமான அறையின் கடைசிச் சுவரோரம் மேஜையைப் போட்டிருந்தார். நோயாளி வாசலிலிருந்து அத்தனை தூரமும் நடந்துதான் வர வேண்டும். வயசானவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள். அவர் எழுதுவது போலக் குனிந்திருப்பார். உண்மையில் எழுத மாட்டார். காலடியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ரிப்போர்ட் அப்புறம் படிக்கலாம் வளர்மதி. அது எங்கியும் போகாது. நடை போயிடும்," என்பார். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சந்தேகம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும், அதனால் நான் தினம் ஒரு சந்தேகத்தோடு போவேன். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் படித்துவிட்டு வந்து சொல்வார். பெரிய பதவியில் இருப்பவர்களிடம் நான் அபூர்வமாகப் பார்த்த குணம் அது.

ஒரு கோடைகாலத்து முற்பகல். ரத்தம் கொடுக்கும் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். சட்டையில் சிமெண்ட்டுக் கறை.

"மேடம், என் ரத்தத்துல சாராயம் இருக்குதா இல்லியான்னு பாத்து ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இது புதிது. அதெல்லாம் இங்கே பார்க்கிறதில்லை, போங்க என்றேன்.

"நான் குடிக்கிறதே இல்ல மேடம். சத்தியமா சொல்றேன். ஒருத்தனும் நம்ப மாட்றான். போலீஸ்கிட்ட போயி, சார், உங்க மெஷின்ல ஊதிக் காட்டுறேன், நீங்களே சொல்லுங்கன்னேன். வண்டி ஓட்டுறவனுக்குத்தான்யா மெஷினு, நடந்து போறவனுக்கு இல்லன்னு சிரிச்சி அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வராந்தாவில் எங்கள் குழாய் இருந்தது. போய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி முகத்தில் அடித்துக்கொண்டார். அடித்த கணமே மரம் சாய்கிற மாதிரி முன்னால் சாய்ந்து, தொட்டி விளிம்பில் நெற்றி இடித்து விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வாசனை பார்க்கத்தான் முதலில் மூக்கு போனது, வேறெதற்கும் இல்லை. ஒரு வாசனையும் இல்லை. பீடி நாற்றம்கூட இல்லை. எனக்கு ஆவல் பற்றிக்கொண்டது. "இப்படி எப்பவும் முகம் கழுவும்போதுதான் வுழுவீங்களா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "ஆமா மேடம். இருட்டுல போனாலும் வுழுவேன். பகல்ல சரியாத்தான் கீறேன்."

அவர்தான் ஏழுமலை. கச்சிராயபாளையம் பக்கத்து ஊர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அரசு வீடுகள் கட்டும் வேலையில் மேஸ்திரி. ஒரு வருஷமாகக் கால் தடுமாறுகிறது. சாரத்திலிருந்து ஒரு தடவை விழுந்து பிழைத்திருக்கிறார். மலை, சாரம், தள்ளாட்டம். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நான்காவதாக ஒரு காரணம் தேவையில்லை. மலைச் சாராயம்தான். காண்டிராக்டர் வேலையை விட்டு நிறுத்தினார். மச்சான் நடுத்தெருவில் வைத்து அடித்தார். மனைவி தனம் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குக் கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்பதுதான் மேஸ்திரியின் கவலை. அந்தச் சீட்டு வீடு தங்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கிற சீட்டு.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். நாங்கள் வாசலைத் தாண்டி நாலடி வைத்திருப்போம். தலை குனிந்திருந்த சந்தானம் சார் பேனாவை மூடினார். நானும் அப்போதுதான் கேட்டேன். மேஸ்திரி காலைத் தூக்கி, தரையில் தொப்பென்று அடித்து அடித்து வைத்தார். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் வைக்கிற மாதிரி. கண்ணும் தரையைவிட்டு எழவில்லை.

"ரெண்டு காலையும் சேத்து நில்லுங்க," என்றார் டாக்டர். நின்றார், ஆடாமல். "இப்ப கண்ண மூடுங்க." மூடியதும் சரிந்தார். டாக்டர் தயாராகக் கையை நீட்டியிருந்ததால் பிடித்துக்கொண்டார்.

"குடிச்சவன் கண்ணத் தொறந்துக்கிட்டும் ஆடுவான் வளர்மதி. இவரு கண்ணாலதான் நிக்கிறாரு. கால்லேருந்து மூளைக்குப் போற சேதி அறுந்துபோச்சு," என்றார். டார்ச் விளக்கை எடுத்து மேஸ்திரியின் கண்மணியைப் பார்த்தார். வெளிச்சம் அடித்தால் சுருங்க வேண்டிய கண்மணி சுருங்கவில்லை. பக்கத்தில் விரலைக் கொண்டுவந்தால் மட்டும் சுருங்கியது. என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் வி.டி.ஆர்.எல். பார்க்கச் சொன்னார். ரத்தம் எடுத்தேன். மறுநாள் கரைசல் தயாரித்து ஸ்லைடு போட்டேன். பொடிப்பொடியாக, சீராக இருந்தது. நோய் இல்லை. அளவு மிஞ்சிப் போனாலும் ஸ்லைடு ஏமாற்றும் என்று சீரத்தை நீர்க்கவைத்தும் பார்த்தேன், அப்போதும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒருவருக்கு நோய் இல்லை என்று வந்ததற்கு ஏமாற்றமடைகிறோமே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையாட்டினார். "இது நரம்புக்குப் போயி உக்காந்து பல வருஷம் ஆச்சுன்னா, ரத்தத்துல இந்த டெஸ்ட் அடங்கிடறது உண்டு. இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்று டி.பி.எச்.ஏ. அதில் மாட்டுக் கொழுப்பு இல்லை, கிருமியின் சத்தையே பூசிய சிவப்பணுக்கள். ஒரு தடவை உடம்பில் அந்தக் கிருமி வந்துபோயிருந்தால், பெரும்பாலும் ஆயுசுக்கும் காட்டிக்கொடுக்கும். குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் போட்டு ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். நோயில்லாத ரத்தமென்றால் அணுக்கள் உருண்டு குழியின் அடியில் கடுகு மாதிரி ஒரு புள்ளியாகச் சேரும். இருந்தால் சேராது, ரவையைப் பரப்பினது போல அடி முழுக்கப் படரும். மேஸ்திரியின் குழியில் புள்ளி இல்லை. படர்ந்திருந்தது.

அடுத்தது முதுகு நீர். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீரை இடுப்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டு எடுப்பார்கள். அதிலுள்ள செல்களை நான் உடனே எண்ணிவிட வேண்டும், நேரமானால் சிதைந்துவிடும். அதனால் குழாயைக் கையில் வாங்க வார்டிலேயே நின்றேன். கதவருகில் மச்சானும் நின்றார். மேஸ்திரி முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். டாக்டர் ஊசியை ஏற்றினார். சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுந்தது, குடிதண்ணீர் மாதிரி தெளிவாக.

மச்சான் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வராந்தாவில் இருந்தவர்களிடம் சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டது: "பாத்தியா? முதுகுல கூட சாராயம்! எப்பிடி ஊத்திக்கினு கீறான் பாரு!"

சந்தானம் சாரின் தோள் குலுங்கியது. ஊசி கையில் இருக்கும்போது சிரிக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். நான் குழாயை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

முதுகு நீரைச் சூடாக்கக் கூடாது, அப்படியே போட வேண்டும். போட்டேன். அதிலும் வி.டி.ஆர்.எல். ஊமையாகவே இருந்தது. ஆனால் அணுக்களை எண்ணும் கண்ணாடியில் இருக்கக் கூடாத அளவுக்கு வெள்ளணுக்கள் இருந்தன. புரதமும் கூடுதல். ஒன்று இல்லை என்கிறது, இன்னொன்று இருக்கிறது என்கிறது. இந்த இடத்தில் எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. நடை, கண்மணி, படர்ந்த குழி, எண்ணிய அணு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வந்தார். விட்டமின் குறைவு போன்ற மற்ற காரணங்களையும் பார்த்துக் கழித்த பிறகுதான்.

மேஸ்திரியிடம் சொல்லும்போது, அடுத்து மனைவிக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும் என்று என்னையும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நிதானமாக விளக்கினார். இது குடி இல்லை. உங்கள் வார்த்தை உண்மை. இது ஒரு கிருமி, பல வருஷத்துக்கு முன்னால் இன்ன வழியில் வந்திருக்கலாம். பெனிசிலின் கொடுத்தால் இனிமேல் ஏறாது. போன நரம்பு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

மேஸ்திரி தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்ன பெங்களூர்ல வேல செஞ்சேன் சார். அப்ப புண்ணு ஒண்ணு வந்து தானா ஆறிப்போச்சு." பிறகு டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "சார், குடின்னே இருந்துட்டுப் போவட்டும் சார். குடிகாரன்னே எழுதிக் குடுத்துடுங்க."

குடிக்கவில்லை என்று ஒரு சீட்டுக்காக ஜன்னல் ஜன்னலாக அலைந்த மனுஷன் அவர்.

"ஊருக்கு நீங்க எது வேணா சொல்லிக்குங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்," என்றார் டாக்டர். "ஆனா உங்க சம்சாரத்துக்கு உண்மையச் சொல்லணும். அவங்களையும் பாக்கணும் இல்ல? நீங்களே சொன்னா நல்லது."

தனத்தை உள்ளே கூப்பிட்டோம். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். நான் பெரிய கூச்சலை எதிர்பார்த்து நின்றேன்.

"அப்ப குடிக்கல," என்றார் தனம்.

"இல்ல."

"ஒரு நாளு கூட?"

"இல்லடி."

தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "தெனம் உன் வாய மோந்து பாத்தேன். நாத்தமே இல்ல. அப்பவும் எங்கண்ணன வுட்டு அடிக்க வெச்சேனே." அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது. பெங்களூரில் யார், எப்போது, எத்தனை தடவை என்று மேஸ்திரியைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கடைசியில் தனம் என் பக்கம் திரும்பி, கோபம் ஆறாத முகத்தோடு கையை நீட்டினார். "எனக்கும் எடுங்க மேடம்."

தனத்தின் குழியில் கடுகு மாதிரி ஒரு புள்ளி சேர்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது தனியாக லேபில் நின்று கைதட்டினேன். பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை.

மேஸ்திரியை வார்டில் சேர்த்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் பெனிசிலின் ஏற்றினார்கள். இரண்டு வாரம். தனம் கூடவே இருந்தார். பேச்சு குறைவு, ஆனால் சோறு வேளை தவறாமல் வந்தது. முகத்தை உட்கார்ந்து கழுவுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், சாரம் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காலில் மின்னல் வெட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்த வலி மெல்லக் குறைந்தது. நடை முழுசாகத் திரும்பவில்லை. ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, கீழே நின்று செய்கிற வேலைகளை மட்டும் பார்த்தார். விழுவது நின்றுபோனது.

விழுவது நின்றதும் ஊர் கணக்குப் போட்டுவிட்டது: ஏழுமலை குடியை விட்டுவிட்டான். எப்படி விட்டான்? மச்சான்தான் சாட்சி. ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டுச் சாராயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், நான் கண்ணால் பார்த்தேன். கோமுகி அணைப் பக்கத்து டீக்கடைகளில் இந்தச் செய்தி பரவியிருக்கிறது. குடிக்காத குடியை விட்டதற்காக மேஸ்திரிக்குச் சால்வை போடாத குறைதான். மறுபரிசோதனைக்கு வந்தபோது இதைச் சொல்லி அவரே சிரித்தார். தனமும் லேசாகச் சிரித்தார்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வந்தபோது தனத்தோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். பக்கத்துத் தெரு ராணி. முப்பது வயசுகூட இருக்காது, ஒரு கண்ணோரம் கன்றியிருந்தது. மேஸ்திரி டாக்டர் அறையில் இருந்தார். ராணி என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரருக்கும் அந்த முதுகு ஊசி போடணும். இன்னா செலவானாலும் பரவால்ல. வேலைக்கிப் போற காசெல்லாம் குடிதான். நேத்து பெரிய பொண்ணு பள்ளிக்கூட பையை வித்துட்டாரு. இந்த அக்காவ கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. நான்தான் புடிவாதமா கூட வந்தேன்."

அது குடிக்கான ஊசி இல்லை என்று சொன்னால் பின்னே எதற்கு என்று கேட்பாள். அந்த ரகசியம் என்னுடையதில்லை. டாக்டரைப் பாருங்கள், குடியை நிறுத்த வேறு சிகிச்சை இருக்கிறது என்று எதையோ சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் கேட்பதாக இல்லை. "வேற வேணாம் மேடம். அவருக்குப் போட்டதுதான் வேணும்."

தனம் என்னைப் பார்த்தார். அப்புறம் ராணியின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அது குடிக்குப் போட்ற ஊசி இல்ல ராணி. அவரு குடிச்சதே இல்ல. அவருக்கு இருந்தது மேகநோவு. நரம்புக்கு ஏறிப்போச்சு, அதான் தள்ளாடினாரு. ஊசி அதுக்குத்தான்."

வராந்தாவில் மருந்துச் சீட்டோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தனம் தலையைக் குனியவில்லை. இவ்வளவு நாள் மூடி வைத்ததை அந்த ஊர்ப் பெண்ணிடமே, அந்தப் பெஞ்சிலேயே போட்டுவிட்டார். ராணி முகத்தைச் சுளிப்பாள், கையை உதறுவாள் என்று நான் பயந்தேன்.

அவள் கையை எடுக்கவில்லை. தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"உனக்காச்சும் ஊசி இருந்துச்சே அக்கா," என்றாள்.